கழுவாத கவர்

மேலேத்துமுக்கில் இரண்டு வாரமாக ஒரே பேச்சு. பச்சைக்கோட்டு விலாசினி, ஏலியாம்மா டீச்சர் வீட்டு முற்றத்தில் வைத்து இரண்டு தடியன்களை அடித்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாளாம். அவளுடைய தாய்மாமன் வடக்கே பெரிய களரி ஆசானாம். ஏழு வயதிலேயே உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு களத்தில் இறங்கினவளாம். ஒரே எகிறலில் ஒருத்தன் நெஞ்சில் வலது காலையும் இன்னொருத்தன் தாடையில் இடது காலையும் வைத்தாளாம். இரண்டு பல் தெறித்துப் பக்கத்து வீட்டு மாத்தச்சாயனின் செம்பருத்திச் செடியில் போய் விழுந்ததாம்.

இதில் வலது கால் யார் சேர்த்தது என்று எனக்குத் தெரியாது. இடது கால் நான் சேர்த்தது. சட்டை தேய்க்கக் கொடுத்துவிட்டு ஆட்கள் சும்மா நிற்கிறார்களே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சாயங்காலம் அதே கால் கள்ளுக்கடை வழியாகச் சுற்றி, ஒரு குட்டிக்கரணமும் போட்டுக்கொண்டு, எனக்கே திரும்பி வந்தது.

பல் போனது மட்டும் நிஜம். அது யாருடைய பல் என்று கேட்க இந்த ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி விலாசினியும் அவள் கூட்டாளி லிஸ்ஸியும் சொன்னது. இந்த ஒரு தடவை நான் எதையும் சேர்க்கவில்லை.

விலாசினிக்கு நாற்பத்தெட்டு வயது. நாலடி பத்தங்குல உயரம். இடது முட்டியில் நீர். பஸ்ஸில் ஏறவே பின்னால் ஒரு ஆள் தள்ளிவிட வேண்டும். அவள் ஒருத்தன் தாடையில் உதைக்க வேண்டுமென்றால் அவன் தரையில் படுத்து ஒத்துழைக்க வேண்டும். பதினெட்டு வருஷம் அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தவள். அந்த எண்ணெய் ஏறி விரல் நுனிகள் இன்றைக்கும் கறுப்புதான். ஆபீஸைப் பூட்டினபிறகு, வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் சேர்க்கிற பஞ்சாயத்து வேலைக்கு வந்தாள். பச்சைக் கோட்டு, கையுறை, ஒரு சாக்கு. ஆறு வருஷமாயிற்று.

அவள் படித்த களரி எதுவென்று எனக்குத் தெரியும். புருஷன் சோமன். ரப்பர் வெட்டப் போவான், கூலி வாங்கினால் குடிப்பான், குடித்தால் அடிப்பான். ஆனால் குடித்த நாளெல்லாம் அடிக்க மாட்டான். சில நாள் பாட்டுப் பாடிக்கொண்டு படுத்துவிடுவான். எந்த நாள் பாட்டு, எந்த நாள் அடி என்று தெரிந்துகொள்வதுதான் அவளுடைய பாடம். கேட்டின் கொண்டியை அவன் தூக்குகிற சத்தத்தில் தெரிந்துவிடுமாம். மெதுவாகத் தடவித் திறந்தால் பாட்டு. ஒரே தூக்காகத் தூக்கினால் அடி. அந்தச் சத்தம் கேட்டதும் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசல் வழியாக ரப்பர்த் தோட்டத்துக்குள் போய் நின்றுகொள்வாள். மழையிலும் நின்றிருக்கிறாள், அட்டை கடிக்கக் கடிக்க. ஒரு நாள் நான் கேட்டேன்.

"ஒரு விறகுக்கட்டையை எடுத்து நாலு சாத்து சாத்தியிருக்கலாமே, சேச்சி?"

"நாலு சாத்திட்டு? அஞ்சாவது அவன் சாத்துவானே. அப்ப பிள்ளையை யார் கையில குடுப்பேன், உங்க கையிலயா?"

சோமன் ஈரல் கெட்டுச் செத்தான். அவன் செத்தபிறகும் அவள் எங்கே போனாலும் வாசல் தெரிகிற மாதிரிதான் நிற்பாள். என் தேய்ப்புக்கடையிலும் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்துத்தான் பேசுவாள்.

இனி அவள் வேலையைப் பற்றி. பச்சைக்கோட்டுக்காரிகளுக்கும் ஊருக்கும் தீராத வழக்கு ஒன்றுண்டு. பால் கவரைக் கழுவிக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். கழுவாத கவரைத் தொடமாட்டார்கள். அதிலும் விலாசினி ஒரு சொட்டு தயிர் நாற்றம் வந்தாலும் வீட்டுக்காரனை ரோட்டில் நிறுத்திவிடுவாள். மாத்தச்சாயன் எழுபது வயது ஆள், பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். அவருக்கும் இவளுக்கும் மாதத்தில் ஒரு நாள் கவர் சண்டை. அந்தச் சண்டையைப் பார்க்கவே ஆட்கள் அடுப்பை அணைத்துவிட்டு கேட்டுக்கு வருவார்கள்.

இந்த ஊரில் சண்டை போடாத ஒரே வீடு ஏலியாம்மா டீச்சர் வீடு. கணக்கு டீச்சர். ஓய்வு பெற்று இருபத்தைந்து வருஷம். மகன் கனடாவில். பெரிய வீட்டில் தனியாக, டிங்கு என்கிற நாயோடு. பால் கவரைக் கழுவி, துடைத்து, முக்கோணமாக மடித்து, பத்துப் பத்தாக நூலால் கட்டித் தருவாள். பிரஷர் மாத்திரையின் காலி அட்டைகள் தனிக்கட்டு. கேட்டுக்கு வெளியே நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து நாரங்கா வெள்ளம் கொடுப்பாள். "கணக்குப் பரீட்சைக்குத் தாளைக் கட்டற மாதிரி கட்டறா பாரு" என்று லிஸ்ஸி சிரிப்பாள்.

லிஸ்ஸிக்கு இருபத்தொன்பது. வாயாடி, ஓட்டக்காரி. எந்த வீட்டிலும் கூசாமல் ஏறுவாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒவ்வொரு வீட்டிலும் ஏற வேண்டும் என்பது சட்டம். வெயிலில் சட்டம் உருகிவிடும். வலது பக்க வீடுகள் விலாசினிக்கு, இடது பக்கம் லிஸ்ஸிக்கு என்று பிரித்துக்கொண்டு, சந்தின் கடைசியில் சேருவார்கள். ஏறின வீட்டு வாசலில் சாக்கை நிறுத்திவைப்பது வழக்கம். சாக்கு கேட்டில் நின்றால் ஆள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் என் கதையும் கொஞ்சம் வருகிறது. வராமல் இருந்தால் எனக்கு நல்லது.

போன ஓணத்துக்கு முன்னால், கோயில் கமிட்டியில் மதுவிலக்கு பேசுகிற ஒரு பெரிய மனுஷர் வீட்டுச் சாக்கில் எத்தனை குப்பி இருந்தது என்று விலாசினி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். நாலு பேரிடம் சொன்னேன். நாலு நாற்பதாயிற்று. பெரிய மனுஷர் பஞ்சாயத்தில் போய் மேசையைத் தட்டினார். விலாசினியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். வேலையே போகிற நிலை. அழுது மன்னிப்புக் கேட்டுத் தப்பினாள். அன்றிலிருந்து அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: கவரில் கண்டது கவரோடே. என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை. அப்புறம் பேசினாள், ஆனால் வெயில், மழை, முட்டிவலி, அவ்வளவுதான்.

அப்படி அவள் வாய் பூட்டியிருந்தபோதுதான் டீச்சர் வீட்டுக்குப் புது ஆள் வந்தான். மகன் யார் மூலமாகவோ ஏற்பாடு பண்ணின ஹோம் நர்ஸ். பினீஷ் என்று பெயர் சொன்னான். முப்பத்தைந்து வயது, சந்தன வாசனை, பேச்செல்லாம் தேன். என்னிடம்தான் சட்டை தேய்க்கக் கொடுப்பான். "அண்ணாச்சி கை பட்டாதான் சட்டைக்கு உயிர் வருது" என்பான். நான் ஊரெல்லாம் அவனுக்குச் சர்டிபிகேட் கொடுத்தேன். டீச்சர் அதிர்ஷ்டக்காரி, சொந்த மகன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்றெல்லாம்.

அவன் கொண்டுவந்த சட்டைகளில் பாதி முப்பத்தெட்டு அளவு, பாதி நாற்பத்துநாலு. அதைத் தேய்த்தது என் கைதான். ஒல்லிப் பையன் ஒருத்தன் மட்டும் இருக்கிற வீட்டிலிருந்து எருமை அளவுக்குச் சட்டை எப்படி வருகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எவன் வீட்டில் எத்தனை குப்பி என்று எண்ணத் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை.

போன மாத ரவுண்டில் டீச்சர் வீட்டுக் கவர்ப் பை கேட்டிலேயே தொங்கியதாம். கழுவியிருந்தது, ஆனால் மடிக்கவில்லை. காலி மாத்திரை அட்டை ஒன்றுகூட இல்லை. விலாசினி லிஸ்ஸியிடம் சொன்னாள்.

"இது டீச்சர் கட்டினது இல்லடி."

"டீச்சருக்கு வயசு எண்பது, சேச்சி. இன்னும் முக்கோணமா மடிக்கணுமா? அந்தப் பையன் கட்டியிருப்பான்."

"மாத்திரை அட்டை?"

"கவர்ல கண்டது கவரோடே. மறந்துட்டீங்களா? அடுத்து என்னையும் சேர்த்து நிறுத்துவாங்க."

விலாசினி சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். அன்று சாயங்காலம் என் கடை முன்னால் வந்து சுவரோரம் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "என்ன சேச்சி?" என்றேன். "வெயில்" என்றுவிட்டுப் போனாள்.

இந்த மாதம், கும்ப மாச வெயில், புதன்கிழமை, மணி பதினொன்று இருக்கும். சந்தில் ஈ காக்காய் இல்லை. அந்த நேரத்தில் எங்கள் ஊர்ச் சந்துகளில் மதில்சுவர்கள் மட்டும்தான் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். வலது பக்கம் நாலாவது வீட்டிலிருந்து விலாசினி வெளியே வந்தபோது எதிரே டீச்சர் கேட்டில் லிஸ்ஸியின் சாக்கு நின்றது. ஐந்தாவது வீட்டை முடித்து வந்தாள். சாக்கு அதே இடத்தில். நாரங்கா வெள்ளம் குடிக்கிறாள் என்று நினைத்தாள். அப்புறம்தான் பார்த்தாள், டீச்சர் வீட்டுக் கவர்ப் பை கேட்டிலேயே தொங்குகிறது. எடுக்க வேண்டிய பை வெளியே இருக்கும்போது லிஸ்ஸி எதற்கு உள்ளே போனாள்?

பையை விரித்துப் பார்த்தாள். பரோட்டா பொட்டலங்கள், இரண்டு ஆள் தின்கிற அளவுக்கு. பால் கவர் மூன்றே மூன்று. பழுப்பு ஒட்டுநாடா தீர்ந்த வளையங்கள் நாலு. அடியில் பிரஷர் மாத்திரை அட்டைகள். இந்தத் தடவை அட்டை இருந்தது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை.

தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் ஓட்டினாள். டிங்குவின் சங்கிலி தரையில் கிடக்கிறது, நாய் இல்லை, தண்ணீர்ச் சட்டியில் எறும்பு. வாசல்படியில் இரண்டு ஜோடி ஆம்பிளைச் செருப்பு, ஒன்று படகு மாதிரி. முற்றத்தில் ஒரு வெள்ளை வேன், மூக்கு ரோட்டைப் பார்த்து நிற்கிறது. லிஸ்ஸியின் நீலச் செருப்பில் ஒன்று படியில், இன்னொன்று பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே மண்ணில் குப்புறக் கிடக்கிறது.

ஜன்னல் திரை அசைந்தது.

"அந்த நேரம் என் கால் ரெண்டும் உள்ள ஓடப் பாத்துச்சு, அண்ணாச்சி. லிஸ்ஸிக்கு ரெண்டு வயசுல பிள்ளை இருக்கு. வயிறு மட்டும் நில்லுன்னு சொன்னது. சோமன் கொண்டியைத் தூக்கறப்போ சொல்லுமே, அதே வயிறு."

அவள் நிற்கவில்லை. பை நாற்றமடிக்கிறது என்கிற மாதிரி மூக்கைச் சுளித்து அதை அங்கேயே போட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி, வீட்டைத் தாண்டி நடந்தாள். ஓடினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். வளைவில் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் மறைந்ததும், சாக்கில் நம்பர் எழுத வைத்திருக்கிற மார்க்கரை எடுத்து வேன் நம்பரைக் கையுறையில் எழுதினாள். லிஸ்ஸிக்குப் போன் போட்டாள். இரண்டு தடவை மணி அடித்ததும் யாரோ துண்டித்தார்கள். திரும்பப் போட்டாள். சுவிட்ச் ஆப்.

அதற்கப்புறம் எனக்குப் போட்டாள். நான் வார்டு மெம்பரின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, குறுக்க பேசாதீங்க. டீச்சர் வீட்டுல அந்தப் பையன் தனியா இல்ல. டீச்சரை என்னமோ பண்ணிட்டாங்க. லிஸ்ஸி உள்ள மாட்டிக்கிட்டா. போலீஸுக்குச் சொல்லுங்க."

"போலீஸ் ஆத்துக்கு அந்தப் பக்கம், சேச்சி. வர அரைமணி ஆகும்."

"தெரியும். அதனாலதான் உங்களைக் கூப்பிடறேன். ஊருக்கெல்லாம் சொல்லுங்க. உங்க வாயால என் சோத்துல மண் விழப் பாத்துச்சு, இல்லியா? இன்னிக்கு அந்த வாயைத் திறங்க. ஆனா எல்லாரும் சண்டை பாக்க வர்ற மாதிரி வரணும். கம்பு கட்டையோட எவனாச்சும் ஓடி வந்தா லிஸ்ஸி செத்தா. புரியுதா? சண்டை பாக்க."

"எந்தச் சண்டை?"

"நான் போட்டுக்கறேன்."

போனை வைத்துவிட்டாள். நான் போலீஸுக்குச் சொன்னேன், கள்ளுக்கடைக்குச் சொன்னேன், ஆட்டோ ஸ்டாண்டுக்குச் சொன்னேன். பெட்டியைச் சட்டைமேல் வைத்துவிட்டு ஓடினேன். மெம்பர் சட்டை முதுகில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது.

விலாசினி டீச்சர் கேட்டுக்குத் திரும்பி வந்தாள். கேட்டுக்கு உள்ளே ஒரு அடிகூட வைக்கவில்லை. ரோட்டில் நின்று, இடுப்பில் கை வைத்து, அடித்தொண்டையில் ஆரம்பித்தாள்.

"எடி லிஸ்ஸியே! வெளிய வாடி! கழுவாத கவரை எவடி வாங்கச் சொன்னா? ஊத்தைப் பாலு! புழு நெளியுது! இதை யார் சுமப்பா, உங்கப்பனா?"

கதவு திறந்தது. பினீஷ் வந்தான். தேய்த்த சட்டை. நான் தேய்த்தது.

"சேச்சி, சத்தம் போடாதீங்க. அந்தப் பொண்ணு மயக்கமா விழுந்துட்டா. வெயில். உள்ள படுக்க வெச்சிருக்கேன். நீங்க வந்து ஒரு கை பிடிச்சா தூக்கிட்டுப் போயிடலாம்."

எவ்வளவு நியாயமான பேச்சு. நிஜமாகவே மயங்கியிருந்தால்? அவள் கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியதாம், கால் நடுங்கியதாம். நடுங்கிய காலை அவள் கோபத்தில் உதைக்கிற கால் மாதிரி தரையில் உதைத்தாள்.

"மயக்கமா? வேலை செய்யச் சொன்னா அவளுக்கு எப்பவும் மயக்கம்தான்! நான் வரமாட்டேன் மோனே, என் முட்டி படி ஏறாது. மூஞ்சியில தண்ணி அடிச்சு அனுப்பு. ரெண்டு வார்டு பாக்கி கிடக்கு. மாத்தச்சாயோ! இங்க வந்து பாருங்க! உங்க வீட்டுக் கவரே தேவலாம்!"

மாத்தச்சாயனைச் சண்டைக்குக் கூப்பிட்டு வராமல் இருந்ததில்லை. பனியனோடு கேட்டுக்கு வந்தார்.

"எடி விலாசினி, செத்தவன்கூட எழுந்து ஓடுவான்டி உன் தொண்டைக்கு! என்ன கவர்?"

அவர் பக்கத்தில் வந்ததும் அவள் உதட்டை அசைக்காமல் சொன்னாள். "அச்சாயா, உள்ள ரெண்டு பேர். லிஸ்ஸியைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. என்னோட சண்டை போடுங்க. நிறுத்தாதீங்க."

கிழவர் ஒரு நொடி விழித்தார். அப்புறம், அவர் ஆயுசில் போட்ட சண்டையிலேயே நல்ல சண்டையைப் போட்டார். பட்டாளத்துக் கெட்ட வார்த்தை எல்லாம் வெளியே வந்தது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அடுத்த வீட்டுக் கேட் திறந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பதினைந்து தலை. எனக்குப் பின்னால் இன்னும் பத்து. எல்லாரும் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள்.

பினீஷின் முகத்திலிருந்த தேன் வற்றிவிட்டது. உள்ளே திரும்பி ஏதோ சொன்னான். நாற்பத்துநாலு அளவுக்காரன் வெளியே வந்தான். அவன் கையில் லிஸ்ஸி. வாயில் பழுப்பு நாடா. கழுத்தோரம் கறி நறுக்குகிற கத்தி.

மாத்தச்சாயன் நடுவார்த்தையில் நின்றுவிட்டார்.

இங்கேதான் எங்கள் ஆண்பிள்ளைகள் எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தார்கள். நானும்தான். ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் இரண்டு ஆட்டோவைக் கேட்டுக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். "எங்கடா போவீங்க?" என்று ஒருத்தன் கத்தினான். மாத்தச்சாயன் ரப்பர் வெட்டுகிற கத்தியை எங்கிருந்தோ எடுத்துவிட்டார். நான் ஒரு கல்லைப் பொறுக்கினேன். கத்தி லிஸ்ஸியின் கழுத்தில் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. அவள் கண் இரண்டும் விலாசினி மேலேயே இருந்தது.

விலாசினி எங்களைப் பார்த்துத் திரும்பினாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அழுகையா கோபமா என்று சொல்ல முடியாது.

"ஆட்டோவை எடுங்கடா! உங்க காலைப் பிடிக்கறேன், எடுங்க! அச்சாயா, கத்தியைப் போடுங்க! அண்ணாச்சி, அந்தக் கல்லு! பொந்தை அடைச்சா பெருச்சாளி கடிக்காம என்ன பண்ணும்?"

"விட்டா ஓடிடுவானுங்க, சேச்சி!" ஆட்டோக்காரன்.

"ஓடட்டும்! ஓடத்தான் நான் இவ்வளவு நேரம் கத்தறேன்! உன் பெண்டாட்டி கழுத்துல கத்தி இருந்தா நிறுத்துவியா?"

ஆட்டோக்கள் நகர்ந்தன. அவள் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். சாக்குகளை ஓரமாக இழுத்தாள். சுவரோடு ஒட்டி நின்று, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். குரலை இறக்கினாள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரல்.

"மோனே, வழி திறந்து கிடக்கு. ஒருத்தரும் வரமாட்டாங்க. நான் பாத்துக்கறேன். அவளுக்குச் சின்னப் பிள்ளை இருக்கு. அங்கேயே விட்டுட்டு ஏறிப் போயிடுங்க. அவளையும் ஏத்திட்டா நாடு முழுக்கத் தேடுவாங்க. விட்டுட்டுப் போனா இந்தச் சந்தோட போச்சு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பினீஷ் வேனைக் கிளப்பினான். மற்றவன் யோசித்தான். அவன் யோசித்த நேரம் எவ்வளவு என்று கேட்டால் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள். விலாசினி அந்த நேரம் முழுக்க அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் காலைத்தான் பார்த்தாளாம். கால் வேன் பக்கம் திரும்பியதும்தான் மூச்சு விட்டாளாம்.

அவன் லிஸ்ஸியைப் படியிலிருந்து தள்ளிவிட்டு வேனில் பாய்ந்தான். வேன் எங்கள் நடுவே போயிற்று. நாங்கள் இருபத்தைந்து பேர் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டோம்.

லிஸ்ஸி முகம் குப்புறப் படியில் விழுந்தாள். முன்பல் இரண்டு போயிற்று. அதுதான் அந்தப் பல். செம்பருத்திச் செடியில் ஒன்றும் விழவில்லை, படியிலேயே கிடந்தது. விலாசினி பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். அப்புறம் லிஸ்ஸியை மடியில் போட்டுக்கொண்டு, "கழுவாத கவரை ஏண்டி வாங்கினே, கழுவாத கவரை ஏண்டி வாங்கினே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டை முடிந்தது அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

லிஸ்ஸி பக்கவாட்டு ஜன்னலில் டீச்சரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். கட்டிலில் கை இரண்டும் நாடாவால் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

பின்னறையில் டீச்சர் இருந்தாள். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துக்காகத் தூக்க மாத்திரை கொடுத்துக் கொடுத்து வைத்திருந்தார்கள். பிரஷர் மாத்திரை கொடுக்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது கையிலும் இடது காலிலும் அசைவே இல்லை. கண் மட்டும் எங்களை ஒவ்வொருத்தராக எண்ணியது. கணக்கு டீச்சர்தானே.

கையுறையில் எழுதின நம்பரை வைத்து மூன்றாம் நாள் இருவரையும் பிடித்தார்கள். மகன் கனடாவிலிருந்து வந்தான், எட்டு நாள் இருந்தான், போனான். டீச்சர் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். இனி எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விலாசினி வேலை முடிந்து தினமும் போகிறாள். லிஸ்ஸி வேலைக்கு வரவில்லை. வாசலில் யாராவது கூப்பிட்டாலே கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம்.

நேற்று பஞ்சாயத்தில் விலாசினிக்குப் பொன்னாடை. கூடவே பெண்களுக்கான தற்காப்பு வகுப்புத் தொடக்கம். களரி ஆசான் வாளோடு வருகிறார், விலாசினியும் மேடையில் ஒரு அடவு காட்டுவாள் என்று மைக் கட்டின ஆட்டோ சொல்லிக்கொண்டே போயிற்று. விழாவுக்கு முன்னால், காலையில் அவள் பச்சைக்கோட்டைத் தேய்க்கக் கொண்டுவந்தாள். வழக்கம்போலச் சுவரில் முதுகு. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எனக்கு நாக்கு சும்மா இருக்குமா?

"சேச்சி, மேடையில அந்த இடது காலை மட்டும் ஒருக்கா காட்டிடுங்க. என் மானத்தைக் காப்பாத்துங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கோட்டைக் கையில் வாங்கி, தோளில் போட்டுக்கொண்டாள்.

"நான் ஒருத்தனையும் தொடலை. பயந்தேன், கத்தினேன், வழி விட்டேன். போன மாசமே அந்த வீட்டைப் பாத்து எனக்குப் பயம் வந்துச்சு, அண்ணாச்சி. உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். உங்க வாயை நினைச்சு வெயில்னு சொல்லிட்டுப் போயிட்டேன். டீச்சர் கை கால் போனது அன்னிக்கு. போய் அதைச் சொல்லுங்க ஊர்ல."